நிறுத்தினால் முதலிலிருந்து

கத்தரியின் கீழ் அலகு மேசையை விட்டு எழவே இல்லை. இடது உள்ளங்கை சிவப்புப் பட்டுத் துணியை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை நிற்காமல் வெட்டிக்கொண்டு போனது. துணியில் சாக்பீஸ் கோடு எதுவும் கிடையாது. கைக்குழியின் வளைவு வந்ததும் கத்தரி மெதுவானது, வளைந்தது, நிமிர்ந்தது. தோளில் தையலுக்குக் குறைவாகவும் பக்கவாட்டில் தாராளமாகவும் துணி விட்டு இறங்கியது. எங்கே எவ்வளவு விடுவது என்று அந்தக் கைக்கு மட்டும்தான் தெரியும்.

நூல்கண்டு டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு வெளிநாட்டுக்காரன் பாடிக்கொண்டிருந்தான். மழைச் சத்தத்தில் தொடங்கிய ஆல்பம் அது. இப்போது நான்காவது பாட்டு. டிரம்ஸ் இன்னும் முழுசாக வரவில்லை. தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் விட்டுவிட்டுக் கேட்டது. அடுத்த பாட்டில்தான் அது உள்ளே நுழையும். அதற்குள் முன்பக்கம் இரண்டையும் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

எடுத்தாயிற்று. மலர்விழி கத்தரியைக் கீழே வைத்தாள்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலைப் பக்கம், ஒரு உரக்கடைக்கும் ஒரு செல்போன் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் தையல் கடை அவளுடையது. ரவிக்கை மட்டும்தான் தைப்பாள். அவள் தைத்த ரவிக்கையைப் போட்டவர்கள் வேறு கடைக்குப் போக மாட்டார்கள். ஆனால் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரவிக்கையைப் பற்றிப் பேச மாட்டார்கள், பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். கடைக் கண்ணாடியில் அவள் கைப்பட எழுதி ஒட்டியிருந்தாள்: "பாட்டு முடியும் வரை அளவு எடுக்கப்படாது."

"எங்க வூட்ல கரண்ட் போனாலும் அமைதி கெடையாது," என்பான் ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் ஜெயப்பிரகாஷ். "அந்தச் சனியன் பேட்டரியில ஓடுது."

இந்தப் பழக்கம் திருப்பூரில் வந்தது. மலையடிவாரத்தில் கரும்பு வெட்டிய குடும்பம் அவளுடையது. பத்தாவது முடித்ததும் பனியன் கம்பெனிக்குப் போனாள். விடுதியில் பக்கத்துப் படுக்கைக்காரி இபா, மேகாலயாவிலிருந்து வந்தவள். இவளுக்கு இந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இபா தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி இவள் காதில் செருகினாள். இரண்டு பாட்டு முடிந்ததும் துணி துவைக்கலாமென்று மலர்விழி அதைக் கழற்றப் போக, இபா கையைத் தட்டிவிட்டாள். விரலை மேலே சுழற்றிக் காட்டினாள்: இன்னும் இருக்கிறது, கடைசி வரைக்கும். மலர்விழிக்கு எரிச்சலாக இருந்தது. முதல் தடவை ஒன்றும் பிடிக்கவும் இல்லை. ஆனால் கடைசிப் பாட்டில், எல்லா வாத்தியமும் ஓய்ந்தபிறகு, முதல் பாட்டில் கேட்ட கிடார் மெட்டு வேறொரு சுருதியில், சோர்ந்துபோய்த் திரும்பி வந்தது. அப்போதுதான் இவ்வளவு நேரமும் இந்தப் பாட்டுக்காரர்கள் எங்கோ போய்விட்டு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. துணியை மறந்துவிட்டு, இன்னொரு தரம் என்று கைகாட்டிக் கேட்டாள்.

ஊர் திரும்பும்போது இபா ஒரு மெமரி கார்டு கொடுத்தனுப்பினாள். அதிலிருந்த ஆல்பங்களின் பெயரெல்லாம் மலர்விழியின் வாயில் நுழையாது. தனக்கே புரிகிற பெயர் வைத்துக்கொண்டாள்: மழை, ரயில், கோவக்காரன், ரெண்டு அண்ணன் தம்பி. போனில் கேட்டால் நடுவில் விளம்பரம் வருகிறது, இல்லாவிட்டால் யாராவது கூப்பிடுகிறார்கள். அதனால் ஸ்பீக்கரில் செருகிய கார்டுதான். போனை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவாள்.

சினிமாப் பாட்டை அவள் வெறுக்கவில்லை. கொக்கி வைக்கவும் இஸ்திரி போடவும் அது நன்றாக இருக்கும். எங்கே வேண்டுமானாலும் விடலாம், எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம். வெட்டும்போதும் ரவிக்கையில் கை ஏற்றும்போதும் ஆல்பம்தான். "ஒரு பாட்ட மட்டும் தனியா கேட்டுட்டு நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்றது, ரவிக்கையில கையை மட்டும் பாத்துட்டுச் சொல்ற மாதிரி," என்று உரக்கடைக்காரரிடம் ஒருமுறை விளக்கினாள். "முதுகு எப்படி உக்காருது, கழுத்து எங்க எறங்குதுன்னு பாக்க வேணாமா?"

"நான் யூரியா விக்கிறவன்மா," என்றார் அவர். "என்ன வுட்டுடு."

சிவப்புப் பட்டு வெட்டிய அன்று ஐந்தாவது பாட்டு தொடங்கி டிரம்ஸ் உள்ளே நுழைந்தபோது, கூடவே பெரியநாயகியும் கடைக்குள் நுழைந்தாள். கச்சிராயபாளையத்தில் பெரிய கரும்புக் கொல்லைக்காரி. மகள் சுபஸ்ரீக்குக் கல்யாணம், ஒன்பது ரவிக்கை. முகூர்த்தப் புடவையோடு வந்த துணிதான் மேசையில் கிடந்தது. அதைப்போல் இன்னொன்று கடையில் கேட்டாலும் கிடைக்காது.

"இன்னாடி மலரு இது, எழவு வூடு மாதிரி. யாரு செத்துட்டா இவனுக்கு?"

"ஒப்பாரி இல்லைங்கம்மா. கோவத்துல பாடுறான்."

"எதுக்குக் கோவம்?"

"அது எனக்கு முழுசாத் தெரியாதுங்க. கோவம்னு மட்டும் தெரியுது. உக்காருங்க, முடிஞ்சிடும்."

பெரியநாயகி உட்காரவில்லை. வெட்டிய துணியைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள். "கல்யாணத் துணி தைக்கிற எடத்துல இத வெச்சுக்கினு. இன்னா பாட்டு இது? பேரு இன்னா?"

"ராக்குங்க."

பெரியநாயகியின் கை நெஞ்சுக்குப் போனது. "ராகுவா?"

"ராகு இல்லைங்க, ராக். ராக்குன்னா கல்லுன்னு அர்த்தம்."

"முகூர்த்த ரவிக்கைக்கு ராகு, இல்லன்னா கல்லு. நல்லாருக்குடி." அவள் போய் ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தினாள். அந்த ஆள் பாதி வார்த்தையில் வாயை மூடினான்.

கடை அமைதியானது. வெளியே டவுன் பஸ் ஹாரன் கேட்டது. மலர்விழி எழுந்து வந்து மறுபடி பொத்தானை அழுத்தினாள். மழை பெய்தது.

"இன்னாடி?"

"நடுவுல நிறுத்துனா முதல்லேருந்துதாங்கம்மா. இப்ப இன்னும் நேரமாவும்."

பெரியநாயகி ஸ்பீக்கரை விட்டு மேசைப் பக்கம் வந்தாள். பிறகு தணிந்த குரலில், அதனால் இன்னும் கனமாக, "உங்கப்பன் எங்க கொல்லையில கரும்பு வெட்டுனவன்," என்றாள். "நிமுந்து பேச மாட்டான்."

"ஆமாங்க. குனிஞ்சாத்தான் கரும்பு வெட்ட முடியும். துணி வெட்ட குனிய வேண்டியதில்ல, மேசை இருக்கு."

"சரி. வெட்டிட்ட, ஒண்ணும் சொல்றதுக்கில்ல. இது தைச்சு முடியிற வரைக்கும் இந்த ராகு பாட்டப் போட மாட்டேன்னு எனக்கு சத்தியம் பண்ணு. குலசாமி மேல."

சத்தியம் செய்துவிட்டு, அவள் போனதும் பாட்டைப் போட்டுக்கொண்டு தைத்திருக்கலாம். கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்திருக்கும் காதுக்கு இங்கே எது கேட்கப் போகிறது? மலர்விழிக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் பயந்து மறைத்துக் கேட்டால், அடுத்த தடவை கதவுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டியிருக்கும். பாதிக் காது கொடுத்துக் கேட்பதற்கு நிறுத்திவிடுவதே மேல்.

"சத்தியம் பண்ண மாட்டேங்கம்மா. போட்டுக்கினுதான் தைப்பேன்."

பெரியநாயகி ஒன்பது துணியையும் வாரி எடுத்தாள். வெட்டிய துண்டுகளைத் தன் கையாலேயே மடித்துப் பையில் போட்டாள். "எங்கூர்லேருந்து உன் கடைக்கு இனிமே எவ வர்றான்னு பாக்குறேன்."

சொன்னதைச் செய்தாள். கச்சிராயபாளையத்துப் பெண்கள் தைக்கக் கொடுத்ததை ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். ஒருத்தி பாதி தைத்ததையே கேட்டு நின்றாள். "ராகு கடை" என்று பெயர் ஆகிவிட்டது. செல்போன் கடைப் பையன்கள் கூட, "அக்கா, கேது பாட்டு இருக்கா?" என்றார்கள்.

ஜெயப்பிரகாஷ் ஒரு யோசனை வைத்திருந்தான். "வெளிநாட்டு பஜனைன்னு சொல்லிடேன். வெள்ளக்காரன் சாமிய நெனச்சு உருகுறான்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அவன் சாமியத் திட்டுறான்னு நெனக்கிறேன். ஆறாவது பாட்டுல."

"எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா? சும்மா சொல்லு மலரு. ஊரோட ஒத்துப் போனா இன்னா கொறஞ்சிடும்?"

"நீ சவாரிய ஏத்தி, பாதி வழியில எறக்கி வுட்டு, இதான் கச்சிராயபாளையம்னு சொல்லுவியா?"

அவன் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனான்.

வேலை இல்லாத மத்தியானங்களில் அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஆல்பத்தைக் கேட்டாள். கையில் துணி இல்லாமல் கேட்பது கஷ்டமாக இருந்தது. ரயில் ஆல்பம் நீளமாகத் தெரிந்தது. அண்ணன் தம்பியில் மூன்றாவது பாட்டு அநாவசியம் என்று இத்தனை வருஷம் கழித்துப் பட்டது. இருந்தாலும் எழவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளின் ஒரு முனை கழன்று ஆடியது. பசை தடவி அழுத்தி ஒட்டினாள்.

சுபஸ்ரீ தனியாக ஸ்கூட்டியில் வந்தாள். பையை மேசைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். உள்ளே அந்த வெட்டிய துண்டுகள், மடிப்புக் கலையாமல்.

"வீரமணி டைலர்கிட்ட குடுத்தோம்கா. ரெண்டு நாள் வெச்சிருந்துட்டு திருப்பிக் குடுத்துட்டாரு. கோடே இல்ல, எங்க எவ்ளோ விட்டு வெட்டியிருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும், ஒண்ணே ஒண்ணு இருக்கிற துணி, நான் கைய வெக்க மாட்டேன்ட்டாரு. இன்னும் ரெண்டு கடையில கேட்டோம். தொடவே இல்ல."

மலர்விழி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஓரம் கொஞ்சம் பிசிர் விட்டிருந்தது. பெரிதாக ஒன்றும் கெடவில்லை.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தைச்சுக் குடுங்க, பாட்டு போடாம தைச்சீங்கன்னு நான் சொல்லிக்கிறேன். அம்மா நம்பிடும்."

"உனக்கு அந்தப் பாட்டு புடிச்சிருக்கா?"

சுபஸ்ரீ தயங்கினாள். "இல்லக்கா. தலவலியா இருக்கு. ஆனா ரவிக்கை நீங்கதான் தைக்கணும்."

மலர்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்காது.

"தைக்கிறேன். ஆனா பொய் சொல்லாத. மலரு பாட்டோடதான் தைக்கிறான்னு உங்கம்மாகிட்ட சொல்லு. வேணும்னா அவங்களே வந்து வாங்கிக்கட்டும். வேணாம்னா துணி இங்கயே இருக்கட்டும்."

"கல்யாணம் எனக்குக்கா."

"அதான் உன்கிட்ட நெசத்தச் சொல்றேன்."

அன்றைக்கே உட்கார்ந்தாள். லைனிங் கொடுத்து, முன்பக்கத்தில் வடிவத்துக்கு மடித்து டாட் பிடித்து, கழுத்தோரத்தில் பைப்பிங் ஓட்டினாள். மழை ஆல்பம் ஓடியது, முடிந்தது. மறுநாள் கை ஏற்றுவதற்குக் கோவக்காரன் ஆல்பத்தைப் போட்டாள். கரை இரண்டு கையிலும் ஒரே உயரத்தில் வர வேண்டும். ஒரு நூல் தவறினாலும் கல்யாண போட்டோவில் தெரியும். ஏழாவது பாட்டில் அவன் தொண்டை கிழியக் கத்துகிறபோது அவள் கால் மெஷின் பெடலில் மிக மிக மெதுவாக அழுந்தியது. ஊசி ஒவ்வொரு தையலாகக் கைக்குழியைச் சுற்றி வந்தது. இடது கையில் சரியாக வரவில்லை. பிரித்துவிட்டு மறுபடி ஏற்றினாள்.

அடுத்த நாள் பெரியநாயகி வந்தாள். காரை விட்டு இறங்கி, கடை வாசலில் நின்றாள். உள்ளே கொக்கி வேலை முடிந்து ரவிக்கை இஸ்திரியாகி மடித்து மேசையில் இருந்தது. மலர்விழி வேறு யாருக்கோ ஒரு துணி வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் மழை ஆல்பத்தின் கடைசிப் பாட்டு.

"தைச்சுட்டியா?"

"தைச்சாச்சுங்கம்மா."

"பாட்டு போட்டுக்கினா?"

"ஆமாங்க. முழுசா. ஒரு பாட்டு வுடல."

பெரியநாயகியின் பார்வை ஸ்பீக்கருக்குப் போய், ரவிக்கைக்கு வந்தது. வாசற்படியில் காலெடுத்து வைத்தாள். கை மேசைவரை நீண்டது.

"கொஞ்சம் இருங்க," என்றாள் மலர்விழி. "முடியப் போவுது."

உரக்கடைக்காரர் தன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். பெரியநாயகி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நாற்காலி இருந்தது, அவள் உட்காரவில்லை. புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றாள். டிரம்ஸ் ஓய்ந்தது. பிறகு அந்தக் குரலும் நின்றது. கிடார் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போனது.

"அழுது முடிச்சுட்டானா?" என்றாள் பெரியநாயகி, திரும்பாமல்.

"இன்னும் கொஞ்சம்."

நின்றாள். அதுவும் முடிந்தது. மலர்விழி கத்தரியைக் கீழே வைத்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சிவப்பு ரவிக்கையை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினாள். பெரியநாயகி வாங்கிக்கொண்டாள். வாசல் வெளிச்சத்தில் ரவிக்கையின் ஒரு கையைத் திருப்பிக் கரையைப் பார்த்தாள், மற்றொரு கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மீதி எட்டும் காருல இருக்கு," என்றாள்.