ஆற்றோரமா, மேடா?

வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிட்டபோது பவளம் குரல் கொடுக்கவில்லை. நான் கங்காணியாக இருந்த காலத்தில் அவள் வேலைக்கு வராத நாள் அபூர்வம். பக்கத்தில் நின்ற ஜெயா மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, அவ புருசன் சுப்பையா அண்ணன் நேத்து விறகுக்குக் காட்டுக்குப் போனவரு. இன்னும் வீட்டுக்கு வரலையாம்."

வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அதற்கும் மேலே காடு. மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் என் மகள் கொண்டுவந்த நாவல் அது. வெளிநாட்டுக் கதை, தமிழில் வந்திருந்தது. ரோடு போடுகிறவர்களுக்குச் சமைத்துப்போடும் ஒருவன், ஆற்றுமேல் உறைந்திருந்த பனி உடைந்ததால் அக்கரைக் காட்டில் தனியாக மாட்டிக்கொள்கிறான். கையில் ஒரு சட்டியும் அரை மூட்டை சீனியும். பின்னாலேயே ஒரு கரடி. இரண்டு பக்கம் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன், அடுப்பில் பருப்பு கரிந்த பிறகுதான் எழுந்தேன்.

மறுநாளே மலையில் பெண்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஆளுக்கொரு நெரை, அதாவது ஒரு வரிசைச் செடி, பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டே ஏறுவார்கள். கை பாட்டுக்குக் கை போகும். காது சும்மாதானே இருக்கிறது!

"சீனி இருக்குல்ல, பொழைச்சிக்குவான். பிளேன்டீக்குக் கடிச்சிக்கிட்டா போதும்" என்பாள் ஜெயா.

"காட்டுல தேயிலைக்கு எங்கடி போவான்?"

"அப்ப செத்தான்."

எல்லோரும் சிரிப்பார்கள். பவளம் மட்டும் "அப்புறம்?" என்பாள். வீட்டுக்குப் போய்ப் புருசனிடம் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். மறுநாள் அவர் சொன்னதையும் கொண்டுவருவாள். "அவன் ஏன் மேட்டுல ஏறிக்கிட்டு அலையுறான்னு கேக்குறாரு, அக்கா. தண்ணி போற பக்கமா எறங்குனா ஆளுங்க இருக்கிற எடம் வந்துருமாம்."

கொழுந்து நிறுக்கும் நேரம் பார்த்து, கரடி கிட்டே வரும் இடமாகப் பார்த்து, கதையை நிறுத்துவேன். மிச்சம் நாளைக்கு. கங்காணி புத்தி எங்கே போகும்? அந்த நாட்களில் என் செட்டில் ஆளே குறையவில்லை. தோட்டத்து மேனேஜர் துரை சிங்களவர். அவரே ஒரு நாள், "என்ன கங்காணி, ஒங்க ஆளுக்கு மட்டும் காய்ச்சல் வாறது இல்லையா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை நிறுத்திய இடம், அவன் ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடுவில் நின்று எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கும் இடம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சுப்பையா அண்ணன் விறகுக்குப் போனார்.

திங்கட்கிழமை முழுக்க ஆண்கள் காட்டில் தேடினார்கள். மழை விடவில்லை. செவ்வாய்க்கிழமை பெண்கள் பவளத்தின் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், கூடி உட்கார்ந்திருந்தோம். அழுது முடித்ததும் அவள் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கதையச் சொல்லுங்க."

"என்ன பவளம், இப்பப் போயி..."

"சும்மா இருந்தா மண்டைக்குள்ள என்னென்னமோ ஓடுது. சொல்லுங்க."

சொன்னேன். கரடி மூச்சு விடுகிற சத்தம் அவனுக்குக் கேட்கிறது. அவன் சீனி மூட்டையை ஒரு பக்கம் வீசிவிட்டு மறுபக்கம் ஓடுகிறான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நாங்கள் எல்லோரும் கதைக்குள் போய்விட்டோம். ஜெயா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பவளத்தின் முகத்தில்கூடப் பழைய ஆவல் வந்தது. இத்தனை நாள் அவன் தாக்குப்பிடிக்கும்போது, காடு பழகின மனிதர் ரெண்டு நாள் இருக்க மாட்டாரா என்று நானும் நினைத்தேன்.

"பொழைக்கிறானா அக்கா? அத மட்டும் சொல்லிருங்க."

கடைசிப் பக்கம் வரை எனக்குத் தெரியும். "அண்ணன் வரட்டும், ரெண்டு பேருமா ஒண்ணா ஒக்காந்து கேளுங்க" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பனியில் வழி தெரியாமல் போக, அண்ணன் ஓடைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கியிருக்கிறார். ஓரிடத்தில் ஓடை பாறையிலிருந்து செங்குத்தாக விழுகிறது. அந்தப் பாறைக்குக் கீழேதான் கிடந்தாராம். விறகுக்கட்டு மேலேயே இருந்ததாம்.

கருமாதி முடிந்து பவளம் வேலைக்கு வந்தாள். நான் கதைப் பேச்சே எடுக்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. பாதி நெரை ஏறியதும் அவளே கேட்டாள்.

"என்னாச்சு அக்கா அவனுக்கு?"

"வீட்டுக்கு வந்துட்டான், பவளம்."

"எந்த வழியா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். வாய் வரவில்லை. "ஆத்தோரமா" என்றேன்.

அவள் கை செடிமேல் அப்படியே நின்றது. "அவரு சொன்னாருல்ல" என்றாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாரும் அவளை எழுப்பவில்லை. அவள் நெரையையும் ஜெயாதான் எடுத்து முடித்தாள்.

இப்போது கங்காணி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மலையில் கதை சொல்லுங்கள், வேலை லேசாகும். ஆனால் ஆள் வரவேண்டும் என்று முடிவைக் கையில் பிடித்து வைக்காதீர்கள். நிறுவைக்குப் போகுமுன் முடித்துவிடுங்கள். நாளைக்கு வருகிறேன் என்று எல்லோரும்தான் சொல்லிவிட்டுப் போகிறோம். சுப்பையா அண்ணன், அந்தக் கதையில் தான் சொன்னது சரி என்று தெரியாமலே போய்விட்டார்.