அச்சில் இருக்கா?

போன ஞாயிற்றுக்கிழமை ஷாஹிதா வந்திருந்தாள். தருமபுரியில் என் வீட்டுக்கு எதிரே பெயிண்ட் கடை வைத்திருக்கும் பாயின் மகள். சரித்திரத்தில் எம்.ஃபில். செய்கிறாள். எப்போதும் கலகலவென்று பேசுகிற பெண், காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கைடு கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். இந்த மாதத்துக்குள் போட்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். கொடுத்தால்தான் ஒரு காலேஜில் லெக்சரர் வேலை. இல்லையென்றால்... அது வேறு யாருக்கோ போய்விடும்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் நம் மாவட்டத்து வாரச் சந்தைகள். கடத்தூர்ப் பக்கம் ஓர் ஊரில் சந்தை எப்படி வந்தது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நேரே போய் விசாரித்தாள். முனுசாமிக் கவுண்டர் என்ற விவசாயி விவரமாகச் சொன்னார். பொம்மிடியில் ரயிலேற்ற மூட்டைகளோடு போகும் வண்டிகள், மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட அவருடைய தாத்தாவின் கிணற்றடியில் நிற்குமாம். நிற்கிற இடத்தில் நாலு பேர் கடை விரித்தார்கள். அதுவே சந்தையாகிவிட்டது. அப்போது அவர் அப்பா சின்னப் பையன்.

கைடு படித்தார். ஒரே கேள்வி - அச்சில் இருக்கா?

கவுண்டர் சொன்னது வாய்ப்பேச்சாம். அதற்கெல்லாம் அடிக்குறிப்பு கிடையாதாம். ஏன் சார், செப்பேடு எழுதி வைத்துவிட்டா கத்தரிக்காய் விற்பார்கள்?

ஷாஹிதா மறுபடி பஸ் ஏறினாள். விஷயத்தைக் கேட்டதும் கவுண்டருக்கு ஒரே சிரிப்பு.

"அச்சுல தான வேணும்? மாரியம்மன் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கறோம். அதுல போட்டுட்டாப் போவுதும்மா."

போட்டார்கள். டீக்கடைத் தட்டியில் ஒன்று, பஸ் நிற்கும் இடத்துச் சுவரில் ஒன்று என்று ஊரெல்லாம் ஒட்டினார்கள். ஷாஹிதா ஆசையாகப் போய்ப் படித்தாள். "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பொம்மிடி ரயிலுக்குச் சென்ற வண்டிகளால் உருவான பழம்பெரும் சந்தை" என்று இருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நோட்டீஸ் அடித்துக் கொடுத்த பிரஸ்காரரைப் பிடித்துக் கேட்டதற்கு அவர் கூச்சமே படவில்லை. "வெறும் சந்தைன்னு போட்டா சப்புனு இருக்குதுங்க. நாந்தான் ஆயிரத்தைச் சேத்தேன்" என்றாராம்.

அந்த ஆயிரத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை எழுதினாள். அடிக்குறிப்பில் நோட்டீஸ் ஒட்டிய இடம், அவள் பார்த்த தேதி எல்லாம் உண்டு. பின்னே? நாளைக்கே அதன்மேல் சினிமா போஸ்டர் ஒட்டிவிடுவார்களே!

கைடுக்குப் பரம திருப்தி. ஆனால் அவள் காட்டிய நோட்டீஸ் போட்டோவைப் படித்துவிட்டு, ஆயிரம் ஆண்டை ஏன் விட்டாய் என்று கேட்டார். அது பிரஸ்காரர் சேர்த்தது, அவரே என்னிடம் சொன்னார் என்றாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ரயில் ஏது சார் என்றும் கேட்டுப் பார்த்தாள்.

"பிரஸ்காரர் சேர்த்தார்னு எங்கேம்மா அச்சில் இருக்கு?"

ஆயிரத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தால் கையெழுத்து. முடிவாகச் சொல்லிவிட்டார்.

பாய் பாவம், யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள், போட்டுவிடு என்று மகளிடம் கெஞ்சியிருக்கிறார்.

"பொய்யின்னு தெரிஞ்சே எம் பேரை அதுல போட்டுக்க மாட்டேங்க சார். வேலை போனாப் போவுது" என்றாள் என்னிடம். எனக்குக் கைடின் மேல் கோபம் பொங்கியது. இந்தப் பெண்ணை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

கைடை மட்டும் சொல்லி என்ன? எதிரே உட்கார்ந்து ஒரு மனுஷன் சொன்னால் ஆயிரம் குறுக்குக் கேள்வி கேட்கிறோம். அதையே காகிதத்தில் அடித்துக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். நானும்தான்... இல்லாவிட்டால் வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தை எழுதி என் பிழைப்பு நடக்குமா?

ஆகவே எழுதுகிறேன். அந்தச் சந்தைக்கு ஆயிரம் வயது ஆகவில்லை. ஆயிரத்தைச் சேர்த்தவர் பிரஸ்காரர்.

ஷாஹிதா, இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கைடிடம் கொடும்மா. எனக்கு யார் சொன்னது என்று அவர் கேட்கவே மாட்டார்!