நெடுந்தீவுக்கு வந்த தீப்பாறை

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இருக்கிறதென்று நம்பவைக்கும் தொழில் எங்களுடையது. கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை வறண்டவர்களுக்கு இது தெரியும். நாற்பது வருடம் கட்சிக்குத் துண்டுப்பிரசுரம் எழுதினேன். கூட நின்றவர்கள் பதவிகளில் இருக்கிறார்கள். நான் நெடுந்தீவில் ஐந்தாம் தரத்துக்குத் தொண்டர் ஆசிரியன். யாரிடமும் கைகட்டி நின்று பெற்ற வேலையல்ல.

மதிலில் தேடியது

பூமிக்குள் உருகிய குழம்பு ஆறித் தீப்பாறை ஆகிறது என்றேன். ஒன்பது பிள்ளைகளும் ஓடிப்போய் மதிலைத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கள் மதிலும் கிணற்றுக்கட்டும் கடலில் பவளமாய் விளைந்த முருகைக்கல். தீயில் பிறந்தது ஒன்றும் அங்கே இல்லை. "திங்கட்கிழமை ஒன்று கொண்டுவந்து காட்டுவேன்" என்று வாக்குக் கொடுத்தேன். மேடைப் பழக்கம். எந்தக் கூட்டத்திலும் எவரும் என்னிடம் கேட்காததை முன்வரிசை வாங்கில் இருக்கும் ஜெனிற்றா கேட்டாள்: "எந்தத் திங்கள், சேர்?"

வள்ளத்தில் ஏறியது

என்னை மறக்காத ஒரேயொரு பழைய தோழர், தேங்காயளவு கிறனைற் கல்லை, அசல் தீப்பாறையை, சாக்கில் கட்டி, மீன்பிடிக்கும் அந்தோனியின் வள்ளத்தில் அனுப்பினார். திங்களும் போனது, கல் வரவில்லை. பிள்ளைகள் என் வெறுங்கையைத்தான் பார்த்தார்கள். அதுதான் சுட்டது.

அந்தோனியைத் துறையில் பிடித்தேன். வலைக்குப் பாரம் போதவில்லையாம். முருகைக்கல்லைவிட இது கனம் என்று கட்டி இறக்க, கயிறு அறுந்து கல் கடலடிக்குப் போய்விட்டது. கத்தத்தான் வாயெடுத்தேன். அவர் தலையைச் சொறிந்தார்: "அண்ணை, நான் கல்லெண்டெல்லோ நினைச்சனான். பாடமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

மிதந்து வந்தது

அடுத்த நாள் வகுப்பில் உண்மையைச் சொன்னேன்: "கல் கடலுக்குள் போய்விட்டது. வாக்குத் தவறியவன் நான்." எங்கள் தலைவர்கள் ஒருவர்கூட எங்களிடம் சொல்லாத வசனம்.

வியாழக்கிழமை ஜெனிற்றா சீலைத்துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தாள். "இது வெந்த மாதிரிக் கிடக்கு, சேர்." சாம்பல் நிறம், உடம்பெல்லாம் துளை. கரையில் ஒதுங்கியதை அவளுடைய தாய் குதிக்கால் தேய்க்க எடுத்து வைத்திருக்கிறார். வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது!

நுரைக்கல். கடலுக்கு அப்பால் ஏதோ எரிமலை கக்கிய குழம்பு, குமிழிகளோடு ஆறி, அலையலையாய் மிதந்து எங்கள் கரைக்கு வந்திருக்கிறது. தீயில் பிறந்த கல். அதைக் கூட்டத்தில் முழக்கம் போடுவதுபோல் இரண்டு தரம் சொன்னேன். பிள்ளைகள் வாளியைச் சுற்றிக் கைதட்டினார்கள். ஜெனிற்றா என் விரலைப் பிடித்தாள்: "அப்ப நீங்கள் பொய் சொல்லேல்லை, சேர். அது வாறதுக்குத்தான் நாள் சுணங்கினது."

நாற்பது வருடத்தில் நான் கொடுத்த வாக்குகளில் நிறைவேறியது ஒன்றே ஒன்று. அதையும் ஒரு பிள்ளை, தாய் குதி தேய்க்கும் கல்லைக் கொண்டுவந்து நிறைவேற்றவேண்டியிருந்தது.