பெரிய கிராணி படித்துச் சொன்ன படம்

படங்கள் பேசாமல் ஓடிய காலத்தில், பினாங்கில் அவற்றைப் பேச வைத்த மூன்று பேரில் நான் ஒருவன். திரையில் ஆட்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். அவர்கள் பேசியது அப்புறம் இங்கிலீஷ் எழுத்தில் ஓர் அட்டையாக வரும். அந்த அட்டையை மலாயில் சொல்ல ஒருவர், சீனத்தில் சொல்ல ஒருவர், தமிழில் சொல்ல நான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். மலாய்க்காரர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு சீனர்கள் சிரிப்பார்கள். தமிழர்கள் சிரிக்கும்போது திரையில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். நான் கொஞ்சம் சேர்த்துச் சொல்வதால் வரும் தாமதம் அது.

சேர்த்துச் சொல்வேன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அட்டையில் பாதி படிப்பதற்குள் அது ஓடிவிடும். மீதியை நானே பெற்று வளர்ப்பேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரும் குறை சொன்னதில்லை.

குறை சொன்ன ஒரே ஆள் பெரிய கிராணி. துறைமுகத்துக் கிட்டங்கி ஒன்றில் கப்பல் சரக்குக்குச் சீட்டு எழுதும் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு மனைவியோடு வருவார். பெஞ்சுகளுக்குப் பின்னால் ஒரு மரக் கம்பித் தடுப்பு, அதற்குப் பின்னால் பிரம்பு நாற்காலிகள். அவர்கள் நாற்காலி ஆட்கள். நான் ஏறி நிற்கும் மண்ணெண்ணெய்ப் பெட்டி அந்தத் தடுப்பை ஒட்டியே இருந்ததால், அவர் அட்டைகளைப் படித்து மனைவிக்குச் சொல்வது என் முதுகில் விழும்.

“அந்தப் பையன் என்னமோ சொல்றானே” என்பார் அந்த அம்மாள்.

“அவன் கெடக்கறான். எழுத்துக் கூட்டத் தெரியாத பய. நான் சொல்றதக் கேளு.”

அந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் என்ன செய்தாலும் அதுதான் முறை என்ற நம்பிக்கை உண்டு. படத்தில் மேசைக்குப் பூப்போட்ட துணி விரித்தால் அடுத்த வாரம் அவர் வீட்டு மேசைக்கும் வந்துவிடும். படத்தில் விருந்தாளிக்குக் கை நீட்டினால் இவரும் நீட்டுவார். ஒருமுறை கோயில் குருக்களுக்கே நீட்டிவிட, அவர் பதறிப்போய் அந்தக் கையில் விபூதியைப் போட்டார்.

இந்த வீட்டோடுதான் எங்களுக்குச் சம்பந்தம் வந்தது. அவர்கள் மகன் தைப்பூசத்துக் கூட்டத்தில் என் அக்காவைப் பார்த்துவிட்டு, கட்டினால் இந்தப் பெண் என்று நின்றுவிட்டான். என் அப்பா தொங்கான் படகுகளிலிருந்து அரிசி மூட்டை இறக்கும் கூட்டத்துக்குத் தண்டல். அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர். தண்டல் என்றால் மேற்பார்வை என்று நினைக்கவேண்டாம். அவரும் தூக்குவார், கூடவே திட்டவும் செய்வார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேசி முடிக்க வந்த அன்று அப்பா தேநீரைத் தட்டில் ஊற்றி உறிஞ்சினார். கிராணி அம்மாள் அதைப் பார்க்காமலிருக்க எங்கள் வீட்டுக் கூரையை ரொம்ப நேரம் ரசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“எல்லாம் சரிதான் தண்டல்காரரே. ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்காரரோட ஆபீஸ் ஆளுங்க வருவாங்க. அந்த எடத்துல உங்க மூட்டக்காரங்க வந்து பந்தியில உக்காந்தா நல்லா இருக்காது. அவங்களுக்கு மறுநாளு தனியா சோறு போட்டுக்கலாம்.”

அப்பா தட்டைக் கீழே வைத்தார். “இருபது வருசமா ஒண்ணா தூக்கறோம். எம்மக பொறந்தப்ப எனக்குப் பதிலா எம்மூட்டயும் சேத்துத் தூக்குனவங்க. அவங்க வரலன்னா நானும் வரலம்மா.”

“பொண்ணுக்கு அப்பா வராம எப்படிங்க?”

“அவ மாமன் இருக்காரு. தார வாத்துக் குடுப்பாரு.”

கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் எல்லோருக்கும் பயம் வந்தது. அப்பா கத்தினால் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். சாதாரணமாகச் சொன்னால் மாறமாட்டார். அந்த அம்மாளும் மாறுகிற முகமாக இல்லை. பெரிய கிராணி வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு அக்கா அடுக்களையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். “அப்பா இல்லாம எனக்கு எதுக்குடா கல்யாணம்? வேணான்னு சொல்லிடலாம்னு பாக்கறேன். சொல்ல வாய் வரல.”

“மாப்பிள்ளய அவ்வளவு புடிச்சிருக்கா?”

அகப்பை பறந்து வந்தது. குனிந்து தப்பித்தேன். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா இல்லாத மணவறையில் அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று.

அடுத்த ஞாயிறு படம் போடும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். “இது ஜாவாப் பக்கம் பத்தாவியாவுலேருந்து வந்த பெட்டி. எழுத்தெல்லாம் டச்சுக்காரன் பாஷ.”

“டச்சா? நான் எப்படிண்ணே படிக்கிறது?”

“நீ இங்கிலீஷ மட்டும் படிச்சியாக்கும். போ லா, போய் நில்லு.”

பெட்டி மேல் ஏறியபோது முன்பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு பேரும் கூட இருந்தார்கள். மகன் பேசுகிற படம் என்று மாதம் ஒருமுறை எல்லோரையும் இழுத்துக்கொண்டு வருவார். என் முதுகுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலி முனகியது.

“என்னங்க, தண்டல்காரர் அங்க பெஞ்சில. அந்த ஆளுங்களோட.”

“பாக்காத. அவர் நம்மளப் பாக்கல.”

விளக்கு அணைந்தது. படம் எங்களுக்கென்றே எடுத்ததுபோல் இருந்தது. மாளிகையில் ஒரு சீமாட்டி. அவள் மகளுக்கும் கரி மூட்டை சுமப்பவரின் மகனுக்கும் கல்யாணம். கரிக்காரச் சம்பந்தி புதுக் கோட்டுப் போட்டு விருந்துக்கு வருகிறார். வாசலில் இருக்கும் வேலைக்காரன் அவரைப் பரிமாற வந்த கூலியாள் என்று நினைத்துக் கையில் தட்டைக் கொடுத்துவிடுகிறான். அவரும் இதுதான் இந்த வீட்டு முறை போலிருக்கிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறுகிறார். சீமாட்டி அவரை மெச்சி முதுகில் தட்டுகிறாள். கை கறுத்துவிடுகிறது. படம் பார்த்தாலே புரிந்தது. அட்டைதான் ஒரு வரியும் புரியவில்லை.

முதல் அட்டை வந்தது. “என்னங்க எழுதியிருக்கு?” என்றது பின்னாலிருந்து குரல்.

“பொறு. எழுத்து ஆடுது.”

நான் வாயில் வந்ததைச் சொன்னேன். “சமயக்கட்டுப் பக்கம் கரி நாத்தம் அடிக்குதே, யாரு வந்திருக்கா?”

உடனே பின்னால் பெரிய கிராணி சுத்தமான தமிழில் சொன்னார். “சமையலறையில் கரி வாடை வீசுகிறதாம். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கிறாள்.”

“அந்தப் பையன் சொன்னதத்தான சொல்றீங்க?”

“இன்னிக்கு அவன் சரியாப் படிக்கிறான். அதிசயமா இருக்கு.”

எனக்கு வந்த சிரிப்பில் பெட்டி மேல் நிற்கவே முடியவில்லை. உறுதி செய்துகொள்ள, அடுத்த அட்டைக்கு வாயை மூடிக்கொண்டேன். பின்னாலும் மௌனம். அந்த அம்மாள் கேட்டதற்கு, “இது முக்கியமில்லாத அட்டை” என்று பதில் வந்தது. அதற்கடுத்த அட்டைக்கு, “சீமாட்டி தலையில இருக்கறது சொந்த முடி இல்ல, சவுரி” என்றேன். அதையும் அவர் அப்படியே இறக்கிவைத்தார். பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. அந்த அம்மாளின் வளையல் சத்தம் கொண்டை வரை போய்த் திரும்பி வந்தது.

கடைசிக்கு முந்தின கட்டம். கரிக்காரரின் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு விருந்து நடக்கும் கூடத்து வாசலில் வந்து நிற்கிறார்கள். சங்கீதம் நின்றுவிடுகிறது. சீமாட்டி எழுந்து கையை நீட்டி என்னவோ சொல்கிறாள். அட்டை வந்தது. மூன்றே சொல்.

மலாயில் சொல்பவர் கணக்கில் சீமாட்டி போலீஸைக் கூப்பிட்டாள். சீனர் கணக்கில் என்ன செய்தாளோ, சீனர்கள் கைதட்டினார்கள். நான் அப்பாவின் பிடரியைப் பார்த்தேன். அசையாமல் இருந்தது.

“வாங்க, எல்லாரும் வாங்க. நீங்க எங்க சம்பந்தியோட ஆளுங்க. மொதப் பந்தி உங்களுக்குத்தான். நானே என் கையால பரிமாறறேன்” என்றேன். மூன்று சொல்லில் எப்படி இத்தனையும் அடங்கும் என்று பெஞ்சில் யாரும் கேட்கவில்லை. விசில்தான் பறந்தது. அப்பா மட்டும் விசிலடிக்காமல் திரும்பி என்னைப் பார்த்தார்.

பிரம்பு நாற்காலிப் பக்கமிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது.

“என்னங்க, அவன் சொன்னது நெசமா? நீங்க படிச்சீங்கதான?”

தொண்டையைச் செருமும் சத்தம். மறுபடியும் செருமல். அட்டை போய்விட்டது. அந்த இடத்தில் படம் வேறு அறுந்து ஒட்டியது போலிருக்கிறது, சட்டென்று தாவி மாப்பிள்ளையும் பெண்ணும் மோட்டாரில் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றவர்கள் சாப்பிட்டார்களா, உதை வாங்கினார்களா, திரையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. சொல்லவேண்டியவர் அவர்தான்.

“ஆமா,” என்றார் பெரிய கிராணி. “அப்படித்தான் எழுதியிருக்கு.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

மறுநாள் மதியம் அவர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். கிட்டங்கி வாசலில், மிளகு மூட்டைகளுக்கு நடுவில், காதில் பேனாக் கட்டையோடு நின்றார்.

“நேத்து அது என்ன பாஷ தம்பி?”

“எனக்கெப்படி ஐயா தெரியும்? நீங்கதான் படிச்சீங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வாய் நீளம் ஒனக்கு. இங்க வாரத்துக்கு ரெண்டு டச்சுக் கப்பல் வருது. அதிகாரிங்க என் மேசைக்கு வந்துதான் கையெழுத்து வாங்கணும். அந்த மூணு வார்த்த அப்படியே எனக்கு மனசில நிக்குது. எழுதிக் காட்டினா அர்த்தம் சொல்லிடுவாங்க.”

இவர் வீட்டுக்குப் போய், அட்டையில் இருந்தது வேறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா கல்யாணத்தை வைத்து நான் விளையாடியது வெட்டவெளிச்சமாகும். “கேட்டுட்டீங்களா ஐயா?”

“காலையில ஒருத்தர் வந்தார். கையெழுத்து வாங்கிட்டுப் போனார், அவ்வளவுதான்.” பேனாவைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், திரும்பச் செருகினார். “அப்பாகூட மொத்தம் எத்தன பேரு?”

“அப்பா போக பன்னெண்டு பேரு ஐயா. எதுக்குக் கேக்கறீங்க?”

“எல நறுக்கச் சொல்லணும்ல.” உள்ளே திரும்பி நடந்தவர் நின்றார். “அந்தச் சவுரி சமாச்சாரம் மட்டும் வேண்டாத வேல. ராத்திரி பூரா நான்தான் அனுபவிச்சேன்.”

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை.

“உங்க ஆளுங்கள வரச் சொல்லுங்க,” என்றார் அந்த அம்மாள். “மொதப் பந்தியிலயே உக்காரட்டும். அத்தாம்பெரிய மாளிகைக்காரியே நின்னு பரிமாறறா. எங்களுக்கு மட்டும் மரியாத தெரியாதுன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க.”

அப்பா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் கோழியை விரட்டப் போனேன். கோழி எதுவும் அங்கே இல்லை.

அக்காவிடம் மட்டும் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு, “அவருகிட்ட சொல்லிடாதடா” என்றாள். அவருகிட்ட என்றால் மாப்பிள்ளை. அதற்குள் அவருகிட்ட ஆகிவிட்டது.

கல்யாணத்தன்று அப்பாதான் தாரை வார்த்தார். பன்னிரண்டு பேரும் வெளுத்த வேட்டியில், எண்ணெய் வழிய வாரிய தலையோடு, முதல் பந்தியில் விறைப்பாக உட்கார்ந்தார்கள். ஆபீஸ் ஆட்கள் கோட்டும் குடையுமாகப் பந்தலோரம் நின்று பார்த்தார்கள். கிராணி அம்மாள் பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சோற்றுக் கூடையோடு வந்தார். அவர் குனிந்ததும் முதல் ஆள் பயந்துபோய் எழுந்து நின்றான். அவனைப் பார்த்து அடுத்தவன். மொத்த வரிசையும் எழுந்துவிட்டது.

“நின்னா எலயில எப்படிப் போடறது? உக்காருங்க” என்று ஒவ்வொருவராக அவரே உட்காரவைத்தார்.

உட்கார்ந்த பிறகுதான் வினை. மாளிகைக்காரி பரிமாறியதை நான் சொல்லியிருந்தேன், மூட்டை தூக்குகிறவன் எவ்வளவு சாப்பிடுவான் என்று சொல்லவில்லை. கூடை வர வரக் காலியாயிற்று. அந்த அம்மாளும் சளைக்கவில்லை, போடு போடு என்று போட்டார். முதல் பந்தி பாயசத்துக்கு வருமுன்பே ஆபீஸ் ஆட்களுக்கென்று வைத்திருந்த சோறும் தீர்ந்துபோயிற்று. சமையல்காரர் மறுபடி அரிசி களைய ஓடினார். பந்தலோரத்தில் பெரிய கிராணி பசியோடு நின்றவர்களுக்கு இங்கிலீஷில் வெகுநேரம் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை, இருந்தாலும் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா அவர்கள் நடுவில் உட்கார்ந்து, வழித்த இலையைத் தட்டி, மூன்றாம் முறையாகச் சோறு கேட்டார். வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அந்த அம்மாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்தார்.

“கொஞ்சம் பொறுங்க சம்பந்தி,” என்றார். “ஒல கொதிக்குது.”