அறையை விட்டுப் போகாத சிக்னி

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு டாக்டரோடு கூடவே நின்று அவர் வேலையைப் பார்த்திருக்க வேண்டும் என்று சிக்னி டோலெஃப்சனிடம் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். ஃபார்கோ நகரத்தில் அவளோடு படித்தவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பீட்ரூட் விவசாயி மகளான சிக்னிக்கு யாரையும் தெரியாது. ஜனவரியில் ஊருக்கு வந்தவள், சர்ச் முடிந்து கீழ்த்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த டாக்டர் மார்லிஸ் க்வாம் முன்னால் போய் நின்றாள். எங்கள் சுற்றுவட்டாரத்துக்கே அந்த அம்மாள் ஒருத்திதான் டாக்டர்.

"டாக்டர், உங்க கிளினிக்ல கொஞ்ச நாள் கூட நின்னு பாக்கலாமா?"

"இங்க வச்சுக் கேக்காதம்மா. இங்க நான் காபி குடிக்க வந்தவ. நாளைக்கு கிளினிக்குக்கு போன் பண்ணு. எதப் பாக்கணும், ஏன் பாக்கணும்னு யோசிச்சு வச்சுக்கிட்டுப் பண்ணு. இத்தன மணி நேரம் நின்னேன்னு எழுதிக் காட்டத்தான்னு சொன்னியோ, போன வச்சிடுவேன்."

சிக்னி போன் செய்தாள். டாக்டர் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அந்த வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்றாள். டாக்டருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

முதல் நாளே டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "மூலையில நில்லு. எதையும் தொடாத. போன வெளிய வச்சிட்டு வா. ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் கேப்பேன், வேண்டாம்னா நீ முகம் சுளிக்காம வெளிய போயிடணும். உள்ள கேட்டது உள்ளயே கெடக்கணும். உங்க அம்மா கேட்டாலும்."

"சரிங்க டாக்டர்."

ஒன்றை மட்டும் டாக்டர் சொல்லவில்லை. உள்ளே வருபவர் தெரிந்தவராக இருந்தால் என்ன செய்வது என்பதை.

வந்தார். லானி ப்ரெக்கி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், சிக்னியின் அப்பாவோடு மான் வேட்டைக்குப் போகிறவர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் வலிக்காரர் போல வந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பொண்ணு இருக்கலாமா லானி?"

"நம்ம டோலெஃப்சன் பொண்ணுதான? இருக்கட்டும், இருக்கட்டும். இவ பிறந்தப்ப ஹாட்டிஷ் சமைச்சு எடுத்துட்டுப் போனவன் நான். வாங்க டாக்டரம்மா, என் நாக்கப் பாருங்க."

நாக்கின் ஓரம் கடிபட்டுக் கிழிந்திருந்தது. கராஜில் வண்டிக்குக் கீழே ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாராம். கண் விழித்தபோது தரையில் கிடந்தாராம். பேன்ட் நனைந்திருந்ததாம். கடைசி வரியைச் சொல்லும்போது அவர் சிக்னி பக்கம் பார்க்கவில்லை. அந்த நொடியே வெளியே போயிருக்க வேண்டும் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் கதவு அவருக்குப் பின்னால் இருந்தது. அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனால் அவமானப்படுத்தியது போல ஆகிவிடுமோ என்று பயந்து அங்கேயே நின்றாள்.

"வலிப்பு மாதிரி தெரியுது லானி. ஃபார்கோல டெஸ்ட் எடுக்கணும். அதுவரைக்கும் நீ ஓட்டக் கூடாது. காரும் கூடாது, பஸ்ஸும் கூடாது. ஸ்கூலுக்கு இன்னிக்கே சொல்லிடு."

"சொல்லிடறேன்."

மறுநாள் காலை. பனி இறுகி, வண்டிகளெல்லாம் இன்ஜின் உறையாமல் இருக்க மின்சார ஒயரில் கட்டிக் கிடந்த குளிர். சிக்னி தன் அக்கா வீட்டுச் சமையலறையில் இருந்தாள். ஹார்ன் சத்தம். ஜன்னல் வழியே மஞ்சள் பஸ். ஸ்டியரிங்கில் லானி.

"ஹெட்டாவ நான் கார்ல விடறேன்" என்று சிக்னி தன் அக்கா மகளின் கையைப் பிடித்தாள்.

"எதுக்குடி? பஸ்தான் வந்து நிக்குதே" என்றாள் அக்கா இங்க்ரிட்.

"சும்மாதான்."

"சும்மாவா? பாதி டாக்டர் ஆனதுமே பஸ் நாறுதாக்கும்!"

சிக்னி பள்ளிப் பையை எடுத்துக்கொண்டாள். ஹெட்டாவைக் காரில் ஏற்றினாள். பஸ் அடுத்த வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. வழி முழுக்க அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டினாள். அதன் பின்கண்ணாடி வழியே பையன்கள் அவளைப் பார்த்து நாக்கைத் துருத்தினார்கள்.

கிளினிக்கில் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு லானிக்கு போன் செய்தார். நெடுநேரம் பேசினார். வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"வெள்ளிக்கிழமையோட விட்டுடறேன்னு சொல்றான்."

"டாக்டர், வெள்ளிக்கிழமை வரைக்கும் பிள்ளைங்க..."

"தெரியும்மா. நான் ஸ்கூலுக்குச் சொல்லலாமான்னு வக்கீல்கிட்ட கேட்டிருக்கேன். பதில் வரட்டும். இது உன் வேலை இல்ல. உன்ன இதுல நிறுத்தினதே என் தப்பு."

உன் வேலை இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால் தெரிந்துவிட்டதே. வெளியே சொன்னால் வாக்கை உடைத்தவள். சொல்லாவிட்டால், அந்த நாக்குத் துருத்திய பையன்கள். டாக்டரைப் பகைத்தால் சிபாரிசுக் கடிதமும் போகும். அந்த நினைப்பு வந்ததற்காகவே தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் பஸ் நின்றபோது ஹெட்டாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, சிக்னி ஏறினாள்.

"கார் ஸ்டார்ட் ஆகல லானி. டவுன்ல இறக்கி விடுங்க."

லானி அவள் காரைப் பார்த்தார். அதன் புகைக்குழாயிலிருந்து வெண்புகை எழுந்துகொண்டிருந்தது.

"ஏறு" என்றார்.

அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். பிள்ளைகள் இரைச்சல். லானி கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசினார்.

"வேவு பாக்க வந்தியா?"

"இல்ல. நிறுத்துங்கன்னு கேக்க வந்தேன்."

"இந்த வேலையிலதான் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வருது. வீட்ல பெவ்வுக்கு டயாலிசிஸ். விட்டேன்னா அவளுக்கு நான் என்ன செய்யறது? அத உன் புஸ்தகத்துல போட்டிருக்கானா?"

பஸ் இரண்டு பக்கமும் வெள்ளை வெளியில் போய்க்கொண்டிருந்தது. அவர் தோள் அசையும்போதெல்லாம் அவள் கை தானாக ஸ்டியரிங் பக்கம் எழுந்தது. இறங்கவும் முடியாது, அவரை எழுப்பிவிட்டு ஓட்டவும் தெரியாது.

ரயில் பாதைக்கு முன்னால் வழக்கம்போல நிறுத்தினார். ரயில் சத்தம் கேட்கிறதா என்று கதவைத் திறந்தார். குளிர் உள்ளே பாய்ந்தது. அவர் கதவை மூடவில்லை.

"லானி?"

அவர் நேரே பார்த்தபடி இருந்தார். உதடு மட்டும் எதையோ மெல்வதுபோல அசைந்தது. பிரேக்கிலிருந்து கால் நழுவ, பஸ் மெல்ல உருளத் தொடங்கியது. சிக்னி குனிந்து, பள்ளி நாட்களில் அவர் தினமும் இழுப்பதைப் பார்த்திருந்த அந்த மஞ்சள் பிரேக் குமிழை இழுத்தாள். பஸ் உலுக்கி நின்றது. பின்னால் பிள்ளைகள் அடங்கிப்போனார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு நினைவு திரும்பியது. திறந்த கதவைப் பார்த்தார். இழுத்த குமிழைப் பார்த்தார். அதன்மேல் இருந்த அவள் கையைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்தான்."

லானி ரேடியோவை எடுத்தார். "ப்ரெக்கி பேசறேன். கிராசிங்ல நிக்கறேன். எனக்கு உடம்பு சரியில்ல, இனிமே ஓட்ட முடியாது. வேற ஆள அனுப்புங்க." பிறகு இருக்கையை விட்டு எழுந்து, பிள்ளைகளோடு பிள்ளையாய் முதல் வரிசையில் போய் உட்கார்ந்து, தொப்பியை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டார். வேறு டிரைவர் வரும்வரை எல்லோரும் அந்த ஹீட்டர் இரைச்சலுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

டாக்டர் அன்றே சிக்னியைக் கூப்பிட்டார். "ஸ்கூலுக்கு நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். அது என் தப்பு. நோயாளியத் தேடிப் போனது உன் தப்பு. பிள்ளைங்க பிழைச்சாங்க, அதுக்காக அது சரின்னு ஆகிடாது. இனிமே இங்க வர வேண்டாம்."

கடிதம் கேட்கும் துணிவு அவளுக்கு வரவில்லை.

ஊர் தானாகக் கதை கட்டிக்கொண்டது. டோலெஃப்சன் பொண்ணு கிளினிக்கில் ஒட்டுக்கேட்டு ஸ்கூலில் போட்டுக்கொடுத்துவிட்டாள் என்று. மளிகைக் கடையில் லானியின் மனைவி பெவ் அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "டாக்டர் ஆகறதுக்கு முன்னாடியே ஒருத்தன் பிழைப்புல கத்தி வச்சுப் பழகிட்டியா?" மறுத்துப் பேச வேண்டுமானால் அந்த அறையில் கேட்டதைச் சொல்ல வேண்டும். சிக்னி கூடையைப் பிடித்தபடி நின்றாள்.

மருத்துவக் கல்லூரி நேர்காணலில், டாக்டரோடு நின்று என்ன கற்றாய் என்று கேட்டார்கள்.

"வந்தவர் எனக்குத் தெரிஞ்சவர். நான் அறைய விட்டுப் போயிருக்கணும், போகல."

"அப்புறம்?"

"அதுக்கு மேல சொல்றதுக்கு எனக்கு உரிமை இல்ல."

அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. மறு வருடம் ஃபார்கோவில் முன்பின் தெரியாத ஒரு டாக்டரோடு நின்று பார்த்து, திரும்ப விண்ணப்பித்தாள். கிடைத்தது.

லானி இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு தானியக் கிடங்கில் எடை பார்க்கிறார். பள்ளிக்கூடமே அவரை அங்கே சேர்த்துவிட்டது. சிக்னி விடுமுறைக்கு வந்த ஒரு நாள், கூடைப்பந்து ஆட்டத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாப்கார்னை நீட்டினார்.

"பெவ்கிட்ட சொல்லிட்டேன், நானாத்தான் ரேடியோல கூப்பிட்டேன்னு."

"என்ன சொன்னாங்க?"

"உன்னக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்றேங்கறா."

இருவரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். இரண்டு வரிசைக்குக் கீழே உட்கார்ந்திருந்த இங்க்ரிட் திரும்பிப் பார்த்து, "என்னடி, அவரோட இவ்வளவு ஒட்டுதலா? அன்னிக்கு எதுக்கு ஹெட்டாவ பஸ்ல விடல, இன்னிக்காவது சொல்லேன்" என்றாள்.

"சும்மாதான்" என்றாள் சிக்னி.