கல்லடைத்த பூனையும் கம்பவுண்டரும்

தொண்ணூறுகளில் மைசூரில் அக்ரஹாரம் என்ற பேட்டையில் குடியிருந்தபோது, எங்கள் கடுவன் பூனை ஒருநாள் மணலில் உட்கார்ந்து முக்கி முக்கிக் கத்தியது. மலச்சிக்கல் என்று நானே தீர்மானித்து விளக்கெண்ணெய் புகட்டினேன். கையெல்லாம் கீறல்தான் மிச்சம். மறுநாள் அது எழுந்திருக்கவே இல்லை. ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"மூத்திரப் பாதையில் கல். இன்னும் தாமதித்தால் பிழைக்காது" என்றார் டாக்டர்.

பூனையைப் பிடித்துக்கொள்ள வந்த கம்பவுண்டர் காக்கிச் சட்டை போட்ட ஒல்லி ஆள். எந்தப் பிராணியைத் தொடும் முன்பும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அவர் கையில் ஒரு கீறல்கூட இல்லை. என் பூனை அவர் முழங்கையில் தலைசாய்த்துக்கொண்டது. டாக்டர் மயக்க ஊசி போட்டு, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். பூனை பிழைத்தது. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

"என்னங்க ஸார் போடறீங்க இதுக்கு?" என்றார் கம்பவுண்டர்.

"மூணு வேளையும் கருவாடு. ஆசையா வளர்க்கறேன்."

"அந்த ஆசையை நிறுத்துங்க. பச்சை மீனை வேகவச்சு, தண்ணி விட்டுப் பிசைஞ்சு வைங்க. வீட்டுல நாலு இடத்துல தண்ணி இருக்கட்டும். தண்ணி உள்ள போனாத்தான் மறுபடி கல்லு சேராது."

மூன்றாம் நாள் மறுபடி காட்டப் போனபோது, பொறுக்க முடியாமல் கேட்டேன்: "உங்க வீட்டுல எத்தனை பூனை?"

"ஒண்ணுமில்லீங்க. எனக்குப் பூனைன்னாலே ஆகாது."

சொல்லிக்கொண்டே அதன் காதுக்குப் பின்னால் சொறிந்தார். அது கண்ணை மூடிக் குர்குர் என்றது. அதை வளர்த்த நான்கு வருஷத்தில் என்னிடம் ஒருநாளும் எழுப்பாத சத்தம்.

அவருக்கு நன்றி சொன்னேன். மன்னிக்கத்தான் இன்னும் முடியவில்லை.