போர்டில் வைத்த அடையாளம்

எங்கள் ஃபிரிட்ஜ் நின்றுபோனபோது வாரண்டி முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. உள்ளே மாவு புளித்தால் போகட்டும், தக்காளி அழுகினால் போகட்டும். மகளுக்கு நாலாம் வகுப்பிலிருந்தே சர்க்கரை வியாதி. ஒரு மாதத்துக்கான இன்சுலின் அதற்குள்தான் இருந்தது. செஞ்சியில் சித்திரை வெயில் என்றால் மலைப்பாறை காய்ந்து, விளக்கு வைத்த பிறகும் அனல் அடிக்கும். மருந்துப் புட்டிகளை ஒரு டப்பாவில் போட்டு, பானையில் நிரப்பிய மணலில் புதைத்து, மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி.

கம்பெனிக்கு ஃபோன் செய்தால் பாட்டுப் போட்டார்கள். இரண்டாம் நாள், புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது. ஆளே வராமல்! அன்றோடு எனக்கு அவர்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று. மறுபடி கத்தியதில், விழுப்புரத்திலிருந்து ஆள் வருவார், தேவைப்பட்டால் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் சர்க்யூட் போர்டைக் கழற்றி எடுத்துப்போவார் என்றார்கள். எடுத்துப்போவாராம்! நல்லதை உருவிக்கொண்டு, எவன் வீட்டிலோ செத்துப்போன போர்டைக் கொண்டுவந்து மாட்டினால் யார் கண்டது?

எங்கள் வீட்டில் சொம்பு வாங்கினாலும் இனிஷியல் வெட்டாமல் உள்ளே வராது. கல்யாணத்துக்கு இரவல் போன குண்டான் திரும்பி வருவதே அதனால்தான். அதே புத்தி இங்கேயும் வேலை செய்தது. மனைவி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஃபிரிட்ஜின் பின்மூடியைக் கழற்றினேன். ஒரு ஸ்க்ரூ மேல் காகிதம் ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டி எறிந்தேன். அவளுடைய சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து போர்டின் ஓரத்தில் என் இனிஷியலை எழுதி, ஊதிக் காயவைத்து, பழையபடி மூடினேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் வாயில் எதுவும் நிற்காது, அந்த ஆளிடமே உளறிவிடுவாள்.

வந்தவருக்கு முப்பது வயசிருக்கும். ஃபிரிட்ஜின் பின்னால் குனிந்தவர் உடனே நிமிர்ந்துவிட்டார்.

"ஸ்க்ரூ மேல ஒட்டன கம்பெனி சீல் இல்லியே சார். யாரோ பிரிச்சிருக்காங்க. இனிமே வாரண்டி செல்லாது."

என் மனைவிக்கு வந்ததே கோபம். "இன்னாங்க சொல்றீங்க? வாங்கனதுலருந்து ஒருத்தர் கை வைக்கல. நீங்களே கிழிச்சிட்டு எங்க மேல பழி போடறீங்களா?"

அவர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். என் இனிஷியல் பளிச்சென்று தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மகளின் மருந்துக்காக என்று செய்து, மகளின் மருந்துக்கே உலை வைத்துவிட்டேன்.

மகள் பானைப் பக்கத்தில் உட்கார்ந்து மணலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பார்த்தார்.

"கொழந்தைக்கா ஊசி? எங்க கடையில சின்ன ஃபிரிட்ஜ் ஒண்ணு சும்மா கெடக்குது. இது ரெடியாகற வரைக்கும் கொண்டாந்து வைக்கறேன்."

அப்போதும் என் மனசில் முதலில் வந்தது, இவனுக்கு இதில் என்ன லாபம் என்பதுதான். முகத்திலும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"ஏம்ப்பா அந்த அண்ணன அப்டி பாக்கற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள் மகள்.